ஆரியா: கதையை நிறுத்திவைத்துப் பாடும் கலை

தாயை உயிரோடு எரிக்கச் சிதை மூட்டிவிட்டார்கள் என்று ஆள் ஓடிவந்து சொல்கிறான். மகன் மான்ரிகோ வெளியே பார்க்கிறான், தீ தெரிகிறது. இடுப்பில் வாள் இருக்கிறது, குரல் கொடுத்தால் படைவீரர்கள் வந்துவிடுவார்கள். ஆனால் ஓட வேண்டியவன் ஓடவில்லை. மேடையின் விளிம்புக்கு வந்து நின்று, அந்தத் தீ தன் நரம்பெல்லாம் பற்றி எரிவதாகப் பாடுகிறான். பாடி முடித்து, இன்னொரு முறையும் பாடி, கூரையைப் பிளக்கும் உச்ச ஸ்வரம் ஒன்றைப் பிடித்து நின்ற பிறகுதான் தாயைக் காப்பாற்றப் புறப்படுகிறான். 1853 ஜனவரியில் ரோம் நகரில் அரங்கேறிய இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'இல் ட்ரோவடோரே' என்ற ஓபராவில், அதாவது பாடியே நடிக்கும் இசைநாடகத்தில், வரும் காட்சி இது.

ஓபராவைக் கிண்டல் செய்ய இதைவிட வசதியான காட்சி கிடைக்காது. பாடிய நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். கேட்பவர் ஒன்றைச் சரியாகவே கவனித்திருக்கிறார்: ஆரியா தொடங்கியதும் கதையின் நேரம் நின்றுவிடுகிறது. அதை அவர் குறை என்கிறார். ஆனால் ஆரியா என்ற வடிவம் பிறந்ததே அதற்காகத்தான்.

ஓபராவில் கதை நகர்வது பெரும்பாலும் ரெசிடேட்டிவ் எனப்படும் பகுதியில். பேச்சின் வேகத்தில், பேச்சின் ஏற்ற இறக்கத்தோடு, தாளத்துக்கு அதிகம் கட்டுப்படாமல் பாடப்படுவது அது. யார் வந்தார், யார் செத்தார், கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். பிறகு ஒரு பாத்திரத்தின் மனதுக்குள் நுழைய வேண்டிய இடம் வரும். அங்கே சொற்கள் குறையும், இசை விரியும், நான்கு வரிக் கவிதை நான்கு நிமிடம் நீளும். அதுதான் ஆரியா. நாடகம் பெரிதா, பாட்டு பெரிதா என்ற சண்டை நானூறு ஆண்டுகளாக இந்த ஒரு வடிவத்தின் மேல்தான் நடந்துவருகிறது. நாடகத்தின் பெயரால் ஆரியாவை அடக்கப் பார்த்தவர்கள் பலர். வென்றவர்கள்கூட முழுதாக வெல்லவில்லை.

ஓபரா தொடங்கியபோது ஆரியா அதன் மையத்தில் இல்லை. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிளாரன்ஸ் நகரில், ஜியோவன்னி பார்டி என்ற பிரபுவின் வீட்டில் அறிஞர்களும் இசைக்கலைஞர்களும் கூடிப் பேசுவார்கள். பண்டைய கிரேக்கர்களின் நாடகம் கேட்பவரை அப்படி உலுக்கியதற்கு அதன் இசைதான் காரணம் என்று அவர்கள் நம்பினார்கள். வானியல் அறிஞர் கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி அந்தக் கூட்டத்தில் ஒருவர். பல குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிப் பாடும் அன்றைய பாணியில் சொல் செத்துப்போகிறது என்று 1581-இல் அவர் ஒரு நூலே எழுதி வெளியிட்டார். ஒற்றைக் குரல், அதற்கு அடியில் எளிய பக்கவாத்தியம், சொல்லே ராஜா: இதுதான் அவர்கள் கேட்டது. 1600 அக்டோபரில் மரியா தெ மெடிச்சிக்கும் பிரான்ஸ் மன்னர் நான்காம் ஹென்றிக்கும் நடந்த திருமணக் கொண்டாட்டத்தில் யாகோபோ பெரியின் 'எயுரிடிச்சே' பாடப்பட்டது. முழுமையாக நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஓபரா அதுதான். அதில் பெரும்பகுதி பேச்சுப் பாணிப் பாட்டு; இடையிடையே சின்னச் சின்னச் சரணப் பாடல்கள்.

கொள்கை அழகாகத்தான் இருந்தது. கேட்டவர்களுக்கோ சலித்துவிட்டது. இது பின்னால் வந்தவர்கள் கட்டிய கதை அல்ல. 1626-இல் ரோமில் 'லா கதேனா தடோனே' ஓபராவை வெளியிட்ட டொமெனிகோ மட்சோக்கி, அரை ஆரியாக்களை அங்கங்கே தூவியதே ரெசிடேட்டிவின் அலுப்பை உடைக்கத்தான் என்று வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறார். ஓபரா பிறந்து கால் நூற்றாண்டுதான் ஆகியிருந்தது.

அதற்கு முன்பே இசையமைப்பாளர் மான்டெவெர்டி இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகியிருந்தார். 1607-இல் மான்டுவா அரண்மனையில் அரங்கேறிய 'ஓர்ஃபெயோ'வின் மூன்றாம் அங்கத்தில், இறந்த மனைவியை மீட்கப் பாதாளத்துக்குப் போகும் ஓர்ஃபெயோ, ஆற்றைக் கடத்திவிடும் ஓடக்காரன் கரோந்தேயிடம் மன்றாடுகிறான். இங்கே பாட்டுக்குக் காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது: பாடகன் பாடித்தான் வழி கேட்க வேண்டும். 1609-இல் அச்சான இசைப்பிரதியில் இந்தப் பாட்டுக்கு இரண்டு வரிகள் தரப்பட்டிருக்கின்றன. ஒன்றில் வெறும் மெட்டு. அதற்குக் கீழே அதே மெட்டு, பிருகாக்களும் அதிர்வுகளும் நெருக்கமாக இழைத்து எழுதப்பட்டிருக்கிறது. அடித்தளத்தில் ஒரே ஸ்வர வரிசை சரணத்துக்குச் சரணம் திரும்பிவர, மேலே அலங்காரம் மாறிக்கொண்டே போகிறது. முதல் சரணத்துக்கு வயலின்கள், அடுத்ததற்கு கார்னெட் குழல்கள், அதற்கடுத்து ஹார்ப் என்று வாத்தியங்களும் மாறுகின்றன. இத்தனையும் கேட்டுவிட்டு ஓடக்காரன், பாட்டு இனிமையாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு இரக்கம் வராது என்று சொல்லிவிடுகிறான். பிறகு தூங்கிப்போகிறான். ஓர்ஃபெயோ ஓடத்தைத் தானே செலுத்திக்கொண்டு போகிறான். உலகின் முதல் மகத்தான ஆரியா காரியத்தில் தோற்றது. கேட்டவர்கள் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

1637-இல் வெனிஸ் நகரில் சான் கசியானோ அரங்கு டிக்கெட் விற்றுப் பொதுமக்களுக்குத் திறந்தது. அதுவரை அரண்மனை விருந்தாக இருந்த ஓபரா அன்றுமுதல் வியாபாரமானது. காசு கொடுத்து வந்தவர்கள் கிரேக்க நாடகத் தத்துவத்துக்காக வரவில்லை. இன்னார் பாடுகிறார் என்று கேள்விப்பட்டு வந்தார்கள். பாடகர்களின் சம்பளம் ஏறியது, ஆரியாக்களின் எண்ணிக்கையும் ஏறியது. அந்தக் காலத்தில் அதிகம் விரும்பப்பட்டது புலம்பல் பாட்டு. அடிநாதம் நான்கு ஸ்வரங்கள் படிப்படியாக இறங்கும், மீண்டும் மேலிருந்து இறங்கும், விடாமல் இறங்கிக்கொண்டே இருக்கும்; மேலே ஒரு பெண் அழுவாள்.

அந்த உத்தியின் உச்சம் இத்தாலியில் எழுதப்படவில்லை, இங்கிலாந்தில் எழுதப்பட்டது. ஹென்றி பர்செல் 1680-களில் எழுதிய 'டைடோ அண்ட் ஈனியஸ்' ஓபராவில், காதலன் கைவிட்டுப்போக, சாகத் துணிந்த ராணி பாடும் பாட்டு அது. அரைச் சுரங்களாக இறங்கும் ஐந்து தாள அளவு கொண்ட அடிநாதம் திரும்பத் திரும்ப வருகிறது. பர்செலின் சாமர்த்தியம், குரலின் வரிகளை அந்த ஐந்தோடு பொருந்தவிடாததுதான். அடிநாதம் முடியும் இடத்தில் அவள் வரி முடிவதில்லை. அவள் மூச்சு விடும் இடத்தில் அது நிற்பதில்லை. விதி ஒரு பக்கம் தன் போக்கில் நடக்கிறது, அவள் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருக்கிறாள். தன்னை நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்கும் இடத்தில் மெட்டே இல்லை: ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பத் தொடுகிறாள். மூன்று, நான்கு நிமிடம்தான். அந்த ஓபராவில் வேறெதுவும் நினைவில் இல்லாதவர்களுக்கும் இது இருக்கும்.

18-ஆம் நூற்றாண்டு பிறந்தபோது ஆரியாவுக்கு ஒரு நிலையான சட்டகம் கிடைத்துவிட்டது. அலெஸ்ஸாண்ட்ரோ ஸ்கார்லாட்டியின் கையில் உறுதிப்பட்டு, நேப்பிள்ஸ் பாணியின் அடையாளமாகி, ஐரோப்பா முழுவதும் பரவிய அதற்கு டா காபோ ஆரியா என்று பெயர். முதல் பகுதி ஒரு உணர்ச்சி. இரண்டாம் பகுதி சுருக்கமாக, வேறு சுருதியில், சற்று மாறிய மனநிலையில். அதன் முடிவில் டா காபோ, அதாவது 'தலையிலிருந்து' என்று குறித்துவிட்டு இசையமைப்பாளர் பேனாவை வைத்துவிடுவார். முதல் பகுதி அப்படியே திரும்ப வரும். அப்படியே என்றால் எழுத்தில் மட்டும்தான். பாடுபவர் அதை அப்படியே பாடினால் அவமானம். ஒரே வரிக்குச் சங்கதி மேல் சங்கதியாகப் போட்டு வளர்ப்பதைக் கச்சேரியில் கேட்டுப் பழகிய காதுக்கு இதன் ரகசியம் சட்டென்று பிடிபடும். மெட்டு ஏற்கெனவே தெரிந்துவிட்டது, இனி அதை வைத்து இவர் என்ன செய்யப்போகிறார் என்பதே கேள்வி.

இந்தச் சட்டகத்துக்கு ஏற்ற கவிஞரும் வந்தார். வியன்னா அரசவைக் கவிஞராக 1730 முதல் 1782-இல் இறக்கும்வரை இருந்த மெட்டாஸ்டாசியோ எழுதிய நாடகங்களை இசையமைப்பாளர்கள் மாறி மாறி எடுத்தாண்டார்கள். அவருடைய 'அர்தசெர்சே' ஒன்றுக்கே எண்பதுக்கும் மேற்பட்ட முறை புதிதாக இசை எழுதப்பட்டிருக்கிறது. ரெசிடேட்டிவில் வாக்குவாதம் முற்றும், ஒருவர் இரண்டு சிறு சரணங்களில் தன் நிலையைப் பாடுவார், பாடியதும் மேடையை விட்டு வெளியேறுவார், கைதட்டல் விழும். கோபத்துக்கு ஒரு வகை ஆரியா, தூக்கத்துக்கு ஒரு வகை, புயலில் சிக்கிய கப்பலுக்குத் தன்னை ஒப்பிட்டுப் பாட ஒரு வகை. யார் எத்தனை ஆரியா பாடலாம் என்பது பாடகரின் அந்தஸ்தைப் பொறுத்தது. தங்களுக்குப் பேர் வாங்கித்தந்த ஆரியாக்களைப் பாடகர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோய், சம்பந்தமே இல்லாத ஓபராக்களில் செருகினார்கள். இத்தாலியர்கள் அவற்றுக்கு 'பெட்டி ஆரியா' என்று பெயர் வைத்தார்கள். கூத்து எந்த அளவுக்குப் போனதென்றால், பெனடெட்டோ மார்செல்லோ 1720 வாக்கில் இந்த வழக்கங்களையெல்லாம் கேலி செய்து ஒரு சிறுநூல் வெளியிட்டார். இன்றைக்கும் படித்தால் சிரிக்கலாம்.

இந்த உலகின் நட்சத்திரங்கள், சிறுவயதிலேயே காயடிக்கப்பட்டு உயர்ந்த குரலோடு வளர்ந்த காஸ்ட்ராட்டோ ஆண்கள். அந்தக் குரலுக்குப் பின்னால் இருந்த கொடுமையை எந்த இசையும் நியாயப்படுத்திவிடாது. பெரும்பாலானவர்களுக்குப் புகழும் கிடைக்கவில்லை. கிடைத்த சிலரில் முதலிடம் ஃபரினெல்லிக்கு. 1737-இல் ஸ்பெயின் அரசவைக்குப் போன அவர், மனநோயால் வாடிய மன்னர் ஐந்தாம் பிலிப்புக்கு இரவுதோறும் பாடினார். குறிப்பிட்ட சில ஆரியாக்களையே ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பாடினார் என்று சொல்வார்கள். அதுவரை மேடையில் வாழ்ந்தவர் பிறகு பொது மேடை ஏறவே இல்லை. ஓபரா இல்லாமலேயே ஆரியா தனித்து வாழும் என்பதற்கு அது ஒரு விசித்திரமான சாட்சி.

ஹேண்டலும் இதே சட்டகத்துக்குள்தான் எழுதினார். 1705-இல் 'அல்மிரா'வில் நடன இசையாக எழுதிய ஒரு மெட்டை 1707-இல் வேறு சொற்களுக்குப் பொருத்தி, 1711-இல் லண்டனில் 'ரினால்டோ'வில் சிறைப்பட்ட பெண்ணின் கண்ணீராக்கினார். 'லாஷா கியோ பியாங்கா' என்று இன்று எல்லோரும் பாடுவது அதைத்தான். ஆனால் சட்டகத்தை உள்ளிருந்தே அசைத்துப் பார்க்கும் குறும்பும் அவரிடம் உண்டு. 1724-இல் அரங்கேறிய 'ஜூலியோ சேசரே'யின் இரண்டாம் அங்கத்தில், கிளியோபாட்ரா தன்னை வேறொரு பெண்ணாகக் காட்டிக்கொண்டு, சீசரை மயக்க ஒரு காட்சி ஏற்பாடு செய்கிறாள். திரை விலகுகிறது, கலைத் தெய்வங்கள் சூழ அவள் வீற்றிருந்து பாடுகிறாள். முதல் பகுதி முடிகிறது, இரண்டாம் பகுதி முடிகிறது, இனி தலையிலிருந்து என்பது அரங்கில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தில் சீசர் குறுக்கிடுகிறார். வானத்து இடிதேவனிடம்கூட இப்படி ஒரு பாட்டு இல்லை என்று ரெசிடேட்டிவில் வியக்கிறார். அதற்குப் பிறகுதான் அவள் முதல் பகுதியைத் திரும்பப் பாடுகிறாள். சடங்காகத் திரும்பிவரும் பகுதி, ஒரு ரசிகனின் வியப்புக்குப் பதிலாக வருவதுபோல் ஆகிவிடுகிறது. நின்ற நேரத்தில் கதையும் நகர்ந்துவிட்டது: சீசர் வீழ்ந்தார்.

ஓபரா எதுவும் எழுதாத பாக் இதே வடிவத்தைத் தேவாலயத்துக்குள் கொண்டுபோனார். லைப்சிக் நகரில் 1727-இல் முதன்முதலாகப் பாடப்பட்டதாகக் கருதப்படும் அவருடைய 'மத்தேயு பாடுகள்' இசையில், சேவல் கூவுவதற்குள் பேதுரு மூன்று முறை இயேசுவை மறுதலித்து, வெளியே போய் மனங்கசந்து அழுத கதையை நற்செய்தியாளர் ரெசிடேட்டிவில் சொல்லிமுடிக்கிறார். உடனே தனி வயலினோடு ஒரு தாழ்ந்த பெண்குரல் ஸ்தாயியில் இரக்கம் வேண்டும் ஆரியா எழுகிறது. பாடுவது பேதுரு அல்ல. யாரென்றே சொல்லப்படவில்லை. கதை நின்ற அந்த இடைவெளியில் கேட்பவரே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளலாம்.

இரண்டாம் சீர்திருத்தம் 1762-இல் வியன்னாவிலிருந்து வந்தது. க்ளுக் தன் 'ஓர்ஃபெயோ எட் எயுரிடிச்சே'யில் டா காபோ அலங்காரங்களை அகற்றினார். ஹார்ப்சிகார்டின் உதிரி நாதங்களுக்குப் பதிலாக ரெசிடேட்டிவுக்கும் முழு வாத்தியக் குழுவையே வைத்தார். 1769-இல் அச்சான 'அல்செஸ்தே'யின் முன்னுரையில், வசனம் சூடேறியிருக்கும்போது பாடகரை நிறுத்திவைத்து வாத்தியம் வாசிப்பதையும், வாகான உயிரெழுத்து கிடைத்துவிட்டது என்பதற்காகச் சொல்லின் நடுவே நின்று குரலைக் காட்டுவதையும் கண்டித்தார். எல்லாம் நியாயமே. ஆனால் அந்த ஓபராவில் இன்று எல்லோர் வாயிலும் இருப்பது, மனைவியை மறுபடி இழந்த ஓர்ஃபெயோ பாடும் ஆரியாதான். அதுவும் சோகத்துக்கு வழக்கமான சுருதியில் அல்ல, வெளிச்சமான சி மேஜரில். மனைவி கிடைத்துவிட்டாள் என்று சொற்களை மாற்றினாலும் மெட்டு பொருந்தும் என்று 19-ஆம் நூற்றாண்டு விமர்சகர் ஹான்ஸ்லிக் சீண்டினார். பொருந்தலாம். அழுது தீர்த்தபின் வரும் வெறுமையை அந்த மெட்டு போலச் சொன்ன இன்னொன்று எனக்குத் தெரியவில்லை.

மொசார்ட் கொள்கை முன்னுரை எதுவும் எழுதவில்லை. அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். 1781 செப்டம்பர் 26 தேதியிட்ட கடிதத்தில், 'அந்தப்புரத்திலிருந்து கடத்தல்' ஓபராவுக்குத் தான் எழுதிக்கொண்டிருக்கும் ஆரியாக்களை ஒவ்வொன்றாக விளக்குகிறார். காவல்காரன் ஓஸ்மின் கோபத்தில் கத்துகிறான். கோபம் தலைக்கேறியவன் எல்லை எல்லாம் கடந்து தன்னையே மறக்கிறான். இசையும் அப்படித் தன்னை மறக்க வேண்டும். ஆனால் எவ்வளவு கொடிய உணர்ச்சியானாலும் இசை காதைப் புண்படுத்தக் கூடாது, அது இசையாகவே இருக்க வேண்டும். ஆகவே எஃப் மேஜரில் தொடங்கிய ஆரியாவை முற்றிலும் அந்நியமான சுருதிக்குக் கொண்டுபோகவில்லை. மிக நெருங்கிய டி மைனருக்கும் போகவில்லை. சற்றுத் தள்ளியிருக்கும் ஏ மைனரைத் தேர்ந்தெடுத்தேன் என்கிறார். பைத்தியக்காரத்தனத்துக்கு எத்தனை அடி தூரம் என்று அளந்து வைத்திருக்கிறார் மனிதர். அதே கடிதத்தில் பெல்மோந்தேயின் ஆரியாவைப் பற்றி: இதயத் துடிப்புக்கு எட்டு ஸ்வர இடைவெளியில் இரண்டு வயலின்கள், நெஞ்சு விம்முவதற்கு மெல்ல ஏறும் ஒலி, கிசுகிசுப்புக்கு ஒலி அடக்கிய வயலினோடு ஒரு புல்லாங்குழல்.

அதே கடிதத்தில், கான்ஸ்டான்சேயின் ஆரியாவை மட்டும் அதைப் பாடவிருந்த காவலியேரி அம்மையாரின் ஓடும் தொண்டைக்குக் கொஞ்சம் பலி கொடுத்துவிட்டதாக ஒப்புக்கொள்கிறார். குறையாகச் சொன்னாலும் அவருக்கு அது மனக்கசப்பு அல்ல. மூன்றாண்டுக்கு முன் எழுதிய இன்னொரு கடிதத்தில், ஆரியா பாடகருக்கு நன்றாகத் தைத்த சட்டைபோல் பொருந்த வேண்டும் என்று சொன்னவர் அவர். 1788-இல் 'டான் ஜியோவன்னி' வியன்னாவுக்கு வந்தபோது, பிராகில் பாடப்பட்ட கடினமான ஆரியாவுக்குப் பதிலாக அங்கிருந்த டெனருக்கு (உயர்ந்த ஆண்குரல் பாடகருக்கு) எளிய ஒன்றை எழுதிக்கொடுத்தார். இரண்டுமே நன்றாக இருக்கின்றன என்று இன்றைய அரங்குகள் இரண்டையும் வைத்துக்கொண்டன. அவற்றைப் பாடும் டான் ஒட்டாவியோ பாவம், பழிவாங்கப் புறப்படாமல் பாடிக்கொண்டே இருப்பவன் என்ற பேர் வாங்கியதில் இந்தப் பேராசைக்கும் பங்குண்டு. அதே ஓபராவில் வேலைக்காரன் லெப்பொரெல்லோ, எஜமானன் வசப்படுத்திய பெண்களை நாடு வாரியாகக் கணக்கு வாசிக்கும் ஆரியா வருகிறது: இத்தாலியில் 640, ஜெர்மனியில் 231, பிரான்சில் 100, துருக்கியில் 91, ஸ்பெயினில் 1003. மேடையில் எதுவும் நடக்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டு நிற்கும் கைவிடப்பட்ட மனைவிக்கு அந்த ஐந்து எண்களில் எல்லாமே நடந்துவிடுகிறது.

மான்ரிகோ ஏன் ஓடவில்லை என்பதற்கான இலக்கணம் 19-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் உருவானது. ரோசினியின் காலத்தில் நிலைத்த இரட்டை ஆரியா அது. முதலில் மெதுவான, பாவம் நிறைந்த கான்டபிலே. பிறகு இடைப்பகுதி: ஒரு செய்தி வரும், ஒரு கதவு தட்டப்படும், மனநிலை தலைகீழாகும். அதன் பிறகு வேகமான கபலெட்டா. அதை இருமுறை பாட வேண்டும். பெல்லினியின் 'நோர்மா' 1831 டிசம்பர் 26 அன்று மிலானின் லா ஸ்காலா அரங்கில் பாடகி ஜூடிட்டா பாஸ்தாவுக்காக எழுதப்பட்டு அரங்கேறியது. அதில் வரும் 'காஸ்தா தீவா' இப்படி ஒரு கான்டபிலேதான். புல்லாங்குழல் மெட்டைச் சொல்ல, பூசாரிணி நிலவை நோக்கி அமைதியைக் கேட்டுப் பாடுகிறாள். மூச்சு எங்கே எடுக்கிறாள் என்று தெரியாதபடி வரி நீள்கிறது. நீண்ட, நீண்ட, நீண்ட மெட்டுகள், அவருக்கு முன் யாரும் எழுதாதவை என்று வெர்டி வயதான காலத்தில் வியந்து எழுதினார். இடைப்பகுதியில் ஊரார் ரோமானிய ஆளுநரைக் கொல்லத் துடிக்கிறார்கள். அவனோ அவளுடைய ரகசியக் காதலன். கபலெட்டாவில் ஊர் ஒன்று பாட, அவள் தனக்குள் வேறொன்று பாடுகிறாள். கச்சேரிகளில் முதல் பாதியை மட்டும் வெட்டியெடுத்துப் பாடுவதால், பலருக்கு அது வெறும் பிரார்த்தனைப் பாட்டாகிவிட்டது.

மான்ரிகோவின் பாட்டும் இரண்டாம் பாதிதான். முதல் பாதியில் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் காதலனாக உருகியிருக்கிறான், இடைப்பகுதியில் சிதைச் செய்தி வருகிறது, பிறகு கபலெட்டா. அந்தச் செய்திக்காக ஆரியா எழுதப்பட்டதா, ஆரியாவுக்காகச் செய்தி வந்ததா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். கடைசியில் வரும் அந்தப் புகழ்பெற்ற உச்ச 'சி' ஸ்வரம் வெர்டியின் பிரதியிலேயே இல்லை, பாடகர்கள் சேர்த்தது. 2000 டிசம்பரில் லா ஸ்காலாவின் பருவத் தொடக்க நாளில் இசை நடத்துநர் ரிக்கார்டோ முட்டி பிரதியில் உள்ளபடியே நடத்தினார். உச்ச ஸ்வரம் வரவில்லை. மேல்மாடத்து ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். எழுதியவரை ஏமாற்றிவிட்டாயே என்று அல்ல, எங்களை ஏமாற்றிவிட்டாயே என்று.

வெர்டி இந்த மோகத்தை நன்றாக அறிந்தவர், அதையே ஆயுதமாக்கவும் தெரிந்தவர். 1851-இல் வெனிஸில் அரங்கேறிய 'ரிகோலெட்டோ'வின் கடைசி அங்கத்தில் பிரபு பாடும் 'லா தோன்னா எ மோபிலே' யாரும் ஒரே முறையில் பிடித்துக்கொள்ளும் மெட்டு. பெண் மனம் இறகு போன்றது என்று சொல்லும் அற்பமான பாட்டு. சற்று நேரம் கழித்து, பிரபுவின் விதூஷகன் ரிகோலெட்டோ, கூலிக்குக் கொலை செய்பவன் தந்த சாக்குமூட்டையில் அந்தப் பிரபுவின் பிணம் இருப்பதாக நம்பி ஆற்றங்கரையில் நிற்கும்போது, தூரத்திலிருந்து அதே மெட்டு வருகிறது. பிரபு உயிரோடு இருக்கிறான். அப்படியானால் மூட்டையில் யார்? அங்கே மெட்டு எளிமையாக இருந்தே ஆக வேண்டும்; ரிகோலெட்டோவுக்கு முன் நாம் அடையாளம் கண்டுகொள்ள வேண்டுமே.

ஆரியாவை அடக்க மூன்றாவதாக வந்த வாக்னர்தான் கடுமையானவர். 1860-இல் எழுதிய கட்டுரையில் முடிவில்லா மெட்டு என்ற கருத்தை வைத்தார். ஆரியா, ரெசிடேட்டிவ் என்ற பிரிவே வேண்டாம், கைதட்ட இடமே வேண்டாம். 1865-இல் வந்த 'டிரிஸ்டான்' அப்படித்தான் ஓடுகிறது. ஆனாலும் அதன் இறுதியில் நாயகி இசோல்டே பாடும் பகுதியை வாக்னரே முன்னிசையோடு சேர்த்துக் கச்சேரியில் வாசித்தார். மூத்த வெர்டியும் 'ஒட்டெல்லோ', 'ஃபால்ஸ்டாஃப்' இரண்டிலும் ஆரியாக்களின் விளிம்புகளை அழித்தார். புச்சினி அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டார். அவர் இறந்தபின் 1926-இல் அரங்கேறிய 'டுரான்டோ'வில் 'நெஸுன் தோர்மா' இசைப்பிரதியின்படி நிற்பதே இல்லை. நேராக அடுத்த உரையாடலுக்குள் ஓடிவிடுகிறது. உலகம் காத்திருக்கும் அந்த உச்ச ஸ்வரம் தாளில் ஒரு சிறிய பதினாறாம் பங்குக் குறிதான். பாடகர்கள் அதை நீட்டினார்கள். கச்சேரிக்காக ஒரு முடிவும் ஒட்டப்பட்டது. 1990-இல் இத்தாலியில் உலகக்கோப்பைக் கால்பந்து நடந்தபோது பிபிசி தொலைக்காட்சி பாடகர் பவரொட்டியின் பதிவை முகப்பிசையாக வைத்தது. ஓபரா பார்த்தே இராதவர்கள் குளியலறையில் அதை முணுமுணுத்தார்கள்.

அதற்கு வழி திறந்துவிட்டது இசைத்தட்டு. 1902 ஏப்ரலில் மிலானின் ஒரு ஹோட்டல் அறையில், கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பெர்க், 29 வயதான பாடகர் என்ரிகோ கரூசோவுக்கு 100 பவுண்டு கொடுத்துப் பத்துப் பாட்டுகளைப் பதிவு செய்தார். ஒரு தட்டில் சில நிமிடம்தான் கொள்ளும். சிம்பொனி அதில் அடங்காது, முழு ஓபரா அடங்காது, ஆரியா அடங்கும். கதையைத் துறந்து வீடுகளுக்குள் நுழைவதற்கு அதைவிடப் பொருத்தமான அளவு வேறில்லை. இடைப்பகுதியும் கபலெட்டாவும் வெட்டுப்பட்டதற்குத் தட்டின் அளவும் ஒரு காரணம்.

அரங்குகள் மட்டும் ஒழுக்கம் காக்கப் பார்த்தன. லா ஸ்காலாவில் 'ஒன்ஸ் மோர்' கேட்டுத் தனிப் பாடகர் திரும்பப் பாடுவது வழக்கொழிந்து 74 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2007 பிப்ரவரியில், ஒன்பது உச்ச 'சி' கொண்ட டோனிசெட்டியின் ஆரியாவை யுவான் தியேகோ ஃப்ளோரெஸ் பாடி முடித்ததும் அரங்கம் அடங்க மறுத்தது. அவர் திரும்பப் பாடினார்.

நவீன இசையமைப்பாளர்களுக்கு ஆரியா என்பது விடுபட வேண்டிய சுமையாகத் தோன்றியிருக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் ஸ்ட்ராவின்ஸ்கி, 1951-இல் அரங்கேறிய 'தி ரேக்ஸ் புரோகிரஸ்' ஓபராவை எழுதியபோது, காதலனைத் தேடி லண்டனுக்குப் புறப்படும் பெண்ணுக்கு ரெசிடேட்டிவ், ஆரியா, கபலெட்டா என்று பழைய வரிசையிலேயே கொடுத்து, உச்ச 'சி'யில் முடித்தார். அதில் வேடிக்கையும் உண்டு, உண்மையான பரிவும் உண்டு.

ஜான் ஆடம்ஸின் 'டாக்டர் அட்டாமிக்' 2005 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் அரங்கேறியது. 1945 ஜூலையில் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டுச் சோதனைக்கு முந்தைய நாட்கள்தான் கதை. பீட்டர் செல்லர்ஸ் அமைத்த வசனத்தில் பெரும்பகுதி அரசு வெளியிட்ட ஆவணங்களிலிருந்தும் நினைவுக் குறிப்புகளிலிருந்தும் எடுக்கப்பட்டது. வானிலை அறிக்கை, புளூட்டோனியக் கணக்கு, ஒரு ராணுவ ஜெனரலின் உடல் எடைக் கவலை என்று எல்லாமே பாடப்படுகிறது. ஃபிளாரன்ஸ்காரர்கள் கேட்டிருந்தால் தங்கள் பேச்சுப் பாணியின் வாரிசு என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் முதல் அங்கத்தின் முடிவில் குண்டுத் திட்டத்தின் தலைமை விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் குண்டின் முன் தனியாக நிற்கும்போது ஆவணங்கள் கைவிட்டுவிடுகின்றன. 17-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஜான் டன்னின், கடவுளிடம் தன்னை உடைத்துப் புதிதாக்கும்படி கெஞ்சும் பதினான்கு வரிக் கவிதையை அவர் பாடுகிறார். சோதனைக்கு டிரினிடி என்று பெயர் வைத்தபோது டன்னின் கவிதைகளே மனதில் இருந்ததாக ஓப்பன்ஹைமரே பின்னாளில் எழுதியிருக்கிறார். வாத்தியக் குழு பதறி அடிக்கிறது, அடங்குகிறது. குரல் டி மைனரில், பழைய புலம்பல்களின் நடையில், நிதானமாக எழுகிறது. வாத்தியப் பதற்றம் திரும்ப வருகிறது, குரலும் திரும்ப வருகிறது. குண்டு அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கிறது, எதுவும் நடப்பதில்லை. பாட்டு முடிந்ததும் திரை விழுகிறது. கைதட்ட ஆடம்ஸ் இடம் விட்டிருக்கிறார்.